குடியேறியவர்களால் தாக்குப்பிடிக்கும் ஒரு மொழி: கனடாவின் பிரெஞ்சுச் சிறுபான்மையினர்

கனடாவில் பிரெஞ்சு மொழி என்றதும் எமது நினைவுக்கு வருவது கியூபெக் மாகாணம்தான். மொன்றியலில் உறவினர்கள் உள்ளவர்களைக் கேட்டால், தமது பிள்ளைகள் பிரெஞ்சு மொழிப் பாடசாலைக்கே போகிறார்கள் என்பார்கள். 1977ஆம் ஆண்டு கியூபெக் கொண்டுவந்த மொழிச் சட்டம் குடியேறுவோரின் பிள்ளைகளுக்கு அப்படித்தான் விதித்தது. ஆனால் கியூபெக்கில் பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மையினர். மாகாண அரசாங்கமும் அவர்களுடையது. அந்த எல்லையைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகி விடுகின்றது. ஒன்ராறியோ, நியூ பிரன்சுவிக், மனிற்றோபா, அல்பேர்ட்டா என ஏனைய ஒன்பது மாகாணங்களிலும் வடக்கிலுள்ள மூன்று ஆட்புலங்களிலும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பிரெஞ்சைத் தமது மொழியாகக் கொண்டு சிறுபான்மையினராக வாழ்கின்றனர். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், கெமரூனிலிருந்தும் கொங்கோவிலிருந்தும் மொரோக்கோ, அல்ஜீரியா, செனகல், ஐவரி கோஸ்ட், ஹெய்ட்டி ஆகிய நாடுகளிலிருந்தும் வந்து அந்தச் சிறுபான்மையினரோடு சேர்ந்துகொண்டிருப்பவர்களைப் பற்றியது. அவர்களில் பெருந்தொகையானோர் முஸ்லிம்கள் என்பதால், எமது வாசகர்களுக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தியாக இராது.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, கியூபெக்கிற்கு வெளியே வாழ்ந்தவர்களில் 6.1 சதவீதமானோர் பிரெஞ்சைத் தமது முதல் உத்தியோகபூர்வ மொழியாகக் கொண்டிருந்தனர். 2021இல் அது 3.3 சதவீதமாகியது. அரை நூற்றாண்டில் பங்கு பாதியளவுக்கு வந்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, தலைகளின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையவில்லை என்பதே. சுற்றியிருந்த சனத்தொகை பெருகியது. இவர்கள் இருந்த அளவிலேயே இருந்தார்கள். அக்காலத்தில் கனடாவுக்கு வந்த இலட்சக்கணக்கான குடியேறிகள் ஏறக்குறைய எல்லோருமே ஆங்கிலத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தனர். சீனர், பஞ்சாபியர், பிலிப்பினோக்கள், எமது இலங்கையர் என யார் ரொறன்ரோவில் இறங்கினாலும் வேலைக்கும் பாடசாலைக்கும் ஆங்கிலமே. பிரெஞ்சு மொழியினரின் குடும்பங்களும் சிறுத்துவிட்டன. முன்னர் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பெற்ற வீடுகளில் இன்று ஒன்றோ இரண்டோ. அத்துடன் கலப்புத் திருமணம். தாய் பிரெஞ்சு, தந்தை ஆங்கிலம் என்றால் வீட்டு மொழி பெரும்பாலும் ஆங்கிலமாகவே அமைந்துவிடுகின்றது.

ஆக, ஒரு மொழிச் சிறுபான்மை யாருடைய அடக்குமுறையும் இல்லாமலே கரைந்துபோக முடியும். குடியேற்றத்தில் தனக்குரிய பங்கு கிடைக்காவிட்டால் அதுவே போதும்.

அடக்குமுறையும் இருந்தது

அதற்காக இந்தச் சமூகம் அடக்குமுறையே காணாதது என்று நினைத்துவிடக் கூடாது. கிழக்குக் கரையில் வாழ்ந்த அக்கேடியர் எனப்படும் பிரெஞ்சு விவசாயிகளைப் பிரித்தானியர் 1755ஆம் ஆண்டு தொடக்கம் ஊர் ஊராகப் பிடித்துக் கப்பலேற்றி நாடு கடத்தினர். மனிற்றோபா 1870இல் மாகாணமாக உருவானபோது அங்கு பிரெஞ்சு பேசுவோர் ஏறத்தாழப் பாதிப்பேர். இருபதே வருடங்களில், 1890இல், மாகாண அரசாங்கம் பிரெஞ்சின் உத்தியோகபூர்வ அந்தஸ்தை நீக்கியது. அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒன்ராறியோவில் 1912ஆம் ஆண்டு ஓர் ஒழுங்குவிதி வந்தது. பதினேழாம் இலக்க ஒழுங்குவிதி என்று அதனை இன்றும் சொல்வார்கள். முதல் இரண்டு வகுப்புகளுக்கு மேல் பிரெஞ்சு மொழிமூலம் கற்பிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஒட்டாவாவிலிருந்த கீக் பாடசாலையில் டெலோஜ் என்ற குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு சகோதரிகள் ஆசிரியைகளாக இருந்தனர். தடையை மீறிப் பிரெஞ்சில் கற்பித்ததால் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். 1916 ஜனவரியில் தாய்மார் பாடசாலையைச் சூழ்ந்துகொண்டு, தொப்பியைச் செருகும் நீண்ட ஊசிகளைக் கையில் பிடித்தபடி பொலிஸாரை உள்ளே விடாமல் மறித்தார்கள். அந்த ஒழுங்குவிதி 1927இல்தான் கைவிடப்பட்டது. நூறு வருடம் கடந்தும் அந்தத் தாய்மாரின் கதையை ஒன்ராறியோவின் பிரெஞ்சு மொழியினர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றனர்.

இன்றைய நிலை வேறு. 1969ஆம் ஆண்டில் உத்தியோகபூர்வ மொழிகள் சட்டம் வந்தது. 1982ஆம் ஆண்டின் உரிமைகள் சாசனத்தின் 23ஆம் பிரிவு பிரெஞ்சுச் சிறுபான்மையினருக்குத் தமது மொழியில் ஆரம்ப, இடைநிலைக் கல்வி பெறும் உரிமையைத் தந்தது. ஆனால் அந்த 23ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை உண்டு. அரச செலவில் வகுப்போ பாடசாலையோ கிடைப்பதற்கு, பிள்ளைகளின் எண்ணிக்கை அதனை நியாயப்படுத்த வேண்டும். எட்மண்டன் நகரப் பெற்றோர் தொடுத்த வழக்கில் 1990இல் உயர் நீதிமன்றம் இதனை விளக்கியது. எண்ணிக்கை கூடக் கூட உரிமையின் அளவும் கூடும். சில பிள்ளைகளே இருந்தால் சில வகுப்புகள். கூடுதலாக இருந்தால் தனிப் பாடசாலை. அதற்கும் மேலென்றால் அந்தப் பாடசாலைகளை நிர்வகிக்கத் தனிச் சபை. சுருங்கச் சொன்னால் உரிமை சாசனத்தில் இருந்தாலும், அது எவ்வளவு கிடைக்கும் என்பதை வகுப்பறையில் இருக்கும் தலைகளே தீர்மானிக்கின்றன.

குடியேறியவர்களின் பெறுமதி இந்த இடத்தில்தான் தெரிகின்றது. எமது நாட்டிலும் மாணவர் தொகை குறைந்து மூடப்படும் சிறிய பாடசாலைகளை நாம் அறிவோம். மேற்குக் கனடாவின் ஒரு சிறுநகரில் பிரெஞ்சுப் பாடசாலை ஒன்றுக்கு மூன்று கொங்கோக் குடும்பங்கள் வந்து சேர்ந்தால் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூடுகின்றனர். இணைந்த வகுப்பாக இருந்தது இரண்டு வகுப்பாகின்றது. இன்னோர் ஆசிரியர் தேவைப்படுகின்றார். நாடெங்கும் பிரெஞ்சு மொழி ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு நிலவுவதால், அந்த ஆசிரியரும் பல வேளைகளில் மக்ரிபிலிருந்தோ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தோ வந்தவராகவே இருக்கின்றார். வைத்தியசாலை, முதியோர் இல்லம், சிறுவர் பராமரிப்பு நிலையம் என்பவற்றிலும் இதே கதைதான். ஒட்டாவாவிலுள்ள மொன்ஃபோர் வைத்தியசாலையை 1997இல் மூடப்போவதாக அறிவிக்கப்பட்டபோது பிரெஞ்சு மொழியினர் ஆயிரக்கணக்கில் திரண்டு போராடினர். 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்று அதனைக் காப்பாற்றினர். ஆனால் வைத்தியசாலையை நீதிமன்றம் காப்பாற்றினாலும், அதில் பிரெஞ்சு பேசும் தாதியரை நீதிமன்றம் உருவாக்கித் தர முடியாது. அவர்கள் எங்கிருந்தாவது வர வேண்டும்.

யார் பிரெஞ்சு மொழியினர்?

வந்தவர்களை இந்தச் சமூகம் தன்னவர் என்று எண்ணியதா? நீண்ட காலமாக இல்லை. எண்ணிக்கையிலேயே அவர்கள் விடுபட்டிருந்தனர். குடிசன மதிப்பீட்டில் தாய்மொழி பிரெஞ்சு என்று எழுதியவர் மட்டுமே பிரெஞ்சு மொழியினராகக் கணக்கிடப்பட்டார். செனகலில் பிறந்தவரின் தாய்மொழி வொலோஃப். அல்ஜீரியரின் தாய்மொழி அரபு அல்லது பேர்பர். அவர் படித்தது பிரெஞ்சில், கணவன் மனைவி பேசிக்கொள்வது பிரெஞ்சில், பிள்ளையைச் சேர்ப்பது பிரெஞ்சுப் பாடசாலையில். ஆனாலும் கணக்கில் அவர் இல்லை. 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்ராறியோ அரசாங்கம் தனது வரைவிலக்கணத்தை மாற்றியது. தாய்மொழி வேறாக இருந்தாலும், பிரெஞ்சு அறிந்து அதனை வீட்டில் பயன்படுத்துபவரும் பிரெஞ்சு மொழியினரே என்றாகியது. ஒரே நாளில் சமூகத்தின் கணக்கில் சுமார் 50 ஆயிரம் பேர் கூடினர். யாரும் புதிதாக விமானத்தில் வந்திறங்கவில்லை. ஏற்கனவே பக்கத்து வீட்டில் இருந்தவர்கள்தான்.

மனிற்றோபாவில் நடந்த மாற்றம் எனக்கு இன்னும் சுவையானதாகப் படுகின்றது. அங்கு பிரெஞ்சு மக்களின் பிரதான அமைப்பின் பெயர் நீண்ட காலமாக ‘பிராங்கோ மனிற்றோபர் சங்கம்’ என்ற பொருளில் இருந்தது. அந்தச் சொல்லில் ஒரு வம்சாவளியின் வாடை உண்டு. லூயி ரியேல் காலத்திலிருந்து அங்கு வேரூன்றிய குடும்பங்களைக் குறிப்பது. கொங்கோவிலிருந்து வந்த ஒருவர் எத்தனை வருடம் வினிப்பெக்கில் இருந்தாலும் தன்னைப் பிராங்கோ மனிற்றோபர் என்று சொல்லத் தயங்குவார். 2016இல் மாகாணச் சட்டம் ஒன்று, பிரெஞ்சோடு விசேட பிணைப்புள்ள எவரையும் இந்தச் சமூகத்தில் சேர்த்தது. அடுத்த வருடம் அமைப்பும் தன் பெயரை ‘மனிற்றோபாவின் பிரெஞ்சு மொழிச் சமூகம்’ என்ற பொருள்பட மாற்றிக்கொண்டது. பெயரில் சிறு திருத்தம்தான். ஆனால் இரத்தத்தை வைத்து அளந்த சமூகம் மொழியை வைத்து அளக்கத் தொடங்கியது.

தமிழ் பேசியும் தமிழர் என்ற இனப்பெயருக்குள் அடங்காதவர்களான இலங்கை முஸ்லிம்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை. மொழி ஒன்று, இனம் வேறு. ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற சொற்றொடருக்குப் பின்னால் எவ்வளவு அரசியல் இருந்தது என்பதை எமது மூத்தவர்கள் அறிவர்.

அடுத்தது மதம். கனடாவின் பிரெஞ்சுச் சிறுபான்மையைப் பல தலைமுறைகளாகக் கட்டிக் காத்தது கத்தோலிக்கத் திருச்சபை. பாடசாலை, வைத்தியசாலை, கல்லூரி எல்லாமே பாதிரிமாரும் கன்னியாஸ்திரிகளும் நடத்தியவை. மொழி மார்க்கத்தைக் காக்கும், மார்க்கம் மொழியைக் காக்கும் என்பதே அக்காலத்து நம்பிக்கை. அதன் எச்சத்தை ஒன்ராறியோவில் இன்றும் காணலாம். 1998இல் அமைக்கப்பட்ட பன்னிரண்டு பிரெஞ்சுப் பாடசாலைச் சபைகளில் எட்டு கத்தோலிக்கம். நான்கு மட்டுமே பொதுவானவை. இரண்டுக்கும் செலவழிப்பது அரசாங்கமே. ஆகவே ஒரு மொரோக்கோக் குடும்பம் சில ஊர்களில் விசித்திரமான தெரிவுக்கு முகங்கொடுக்கின்றது: பக்கத்திலுள்ள கத்தோலிக்கப் பிரெஞ்சுப் பாடசாலையா, தூரத்திலுள்ள பொதுப் பிரெஞ்சுப் பாடசாலையா, வாசலிலேயே உள்ள ஆங்கிலப் பாடசாலையா? பிள்ளையின் மார்க்கத்தைப் பற்றிய கவலையும் மொழியைப் பற்றிய கவலையும் வெவ்வேறு பக்கம் இழுக்கும்போது, பல பெற்றோர் மூன்றாவதையே தெரிவு செய்துவிட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. குறை, அந்தத் தெரிவை அவர்கள்மீது சுமத்தும் அமைப்பில்தான் உள்ளது.

கியூபெக்கின் நிலையையும் இங்கு சொல்லியாக வேண்டும். 2019இல் அம்மாகாணம் நிறைவேற்றிய மதச்சார்பின்மைச் சட்டம் அரச பாடசாலைகளில் புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் மத அடையாளங்களை அணிவதைத் தடுத்தது. ஹிஜாப் அணிந்த, பிரெஞ்சில் தேர்ச்சி பெற்ற இளம் ஆசிரியைகளுக்கு அங்கு கதவு அடைக்கப்பட்டது. அதே வருட இறுதியில் மனிற்றோபா மாகாண அரசாங்கம், இங்கு அப்படியான தடை இல்லை, வாருங்கள் என்ற கருத்தில் கியூபெக் பத்திரிகைகளில் பிரெஞ்சில் விளம்பரம் செய்தது. அரசியல் குத்தல் அதில் இல்லாமலில்லை. ஆனால் ஒரு மாகாணம் வேண்டாம் என்ற பிரெஞ்சு ஆசிரியை, பிரெஞ்சு ஆசிரியருக்கு ஏங்கும் இன்னொரு மாகாணத்துக்குப் பெறுமதியானவர் என்பது உண்மை.

உரிமையின் ஓட்டை

பாடசாலை உரிமையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கின்றது. 23ஆம் பிரிவு உரிமையைத் தருவது பிரஜைகளுக்கு மட்டுமே. தாய்மொழி பிரெஞ்சாக உள்ளவர், கனடாவில் பிரெஞ்சில் ஆரம்பக் கல்வி கற்றவர், தன் பிள்ளைகளில் ஒருவரை ஏற்கனவே கனடாவில் பிரெஞ்சில் படிப்பித்தவர் ஆகியோரே உரிமையுள்ளவர்கள். நேற்று வந்திறங்கிய துனீசியர் எவ்வளவு அழகாகப் பிரெஞ்சு பேசினாலும் அவருக்கு அந்த உரிமை இல்லை. பாடசாலைச் சபையோ மாகாண அமைச்சரோ விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்ராறியோவில் இதற்கென அனுமதிக் குழுக்கள் உண்டு. 2009 முதல் விதிகளும் தளர்த்தப்பட்டன. ஒருமுறை பிள்ளை சேர்க்கப்பட்டு, பெற்றோர் பிரஜையாகிவிட்டால், அதன் பின்னர் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமை வந்துவிடுகின்றது. முதல் வாசற்படியைத் தாண்டுவதுதான் பிரச்சினை.

வடமேற்கு ஆட்புலங்களில் அந்த வாசற்படியே மூடப்பட்டது. உரிமையற்ற ஐந்து குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்க்கும்படி பிரெஞ்சுப் பாடசாலைச் சபை பரிந்துரைத்தது, அமைச்சர் மறுத்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அமைச்சரின் முடிவு தவறு என்றது. அந்தப் பெற்றோருக்குச் சாசன உரிமை உண்டென்று அது சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளையை மறுக்கும்போது, பிரெஞ்சுச் சமூகத்தைப் பேணி வளர்ப்பது என்ற சாசனத்தின் நோக்கத்தை அமைச்சர் சீர்தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும் என்றது. வெளியிலிருந்து வரும் ஒரு பிள்ளை சிறுபான்மைச் சமூகத்தைப் பலப்படுத்தும் என்ற வாதம் நாட்டின் அதியுயர் மன்றத்தில் ஏற்கப்பட்டது எனலாம்.

மத்திய அரசாங்கம் இந்த உண்மையைக் காகிதத்தில் மிக முன்னரே ஏற்றிருந்தது. கியூபெக்கிற்கு வெளியே வரும் குடியேறிகளில் 4.4 சதவீதமானோர் பிரெஞ்சு மொழியினராக இருக்க வேண்டும் என்று 2003இல் இலக்கு வைக்கப்பட்டது. அன்றைய சனத்தொகையில் அவர்களது பங்கும் அதுவே. அந்தச் சிறிய இலக்கை எட்டியது 2022இல்! இடைப்பட்ட இருபது வருடத்தில் இழந்தது இழந்ததுதான். 2023 ஜூனில் திருத்தப்பட்ட மொழிகள் சட்டம், பிரெஞ்சுக் குடியேற்றத்துக்கென இலக்குகளும் அளவுகோல்களும் கொண்ட தனிக் கொள்கையை அமைச்சர்மீது கடமையாக்கியது. இலக்குகளும் உயர்ந்தன, 2024க்கு 6 சதவீதம், அதன் பின்னர் இன்னும் கூட. 2020 முதல் சில இடங்கள் பிரெஞ்சு மொழியினரை வரவேற்கும் சமூகங்களாகத் தெரிவு செய்யப்பட்டு நிதி வழங்கப்படுகின்றது. சுரங்க நகரான சட்பரி, உருக்கு நகரான ஹமில்டன், எண்ணெய்ப் பணம் புரளும் கல்கரி ஆகியன மாத்திரமன்றி, அக்கேடியரின் பழைய ஊரான நோவா ஸ்கோஷியாவின் கிளேர், பனிப்பிரதேசத்து ஐக்கலுயிட் ஆகியனவும் பட்டியலில் உள்ளன.

ஒரு கையால் அழைத்து மறுகையால் தடுப்பதும் நடக்கின்றது. ஆப்பிரிக்காவின் பிரெஞ்சு பேசும் நாடுகளிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவர்களின் விசாக்கள் மிக அதிகளவில் நிராகரிக்கப்படுவதை 2022இல் பாராளுமன்றக் குழுவொன்றே சுட்டிக்காட்டியது. படிப்பு முடிந்ததும் நாடு திரும்புவார் என்ற நம்பிக்கை இல்லை என்பது வழமையாகச் சொல்லப்படும் காரணம். தங்கிவிடுங்கள் என்று ஒரு திணைக்களப் பிரிவு பிரசாரம் செய்ய, தங்கிவிடுவீர்கள் என்று இன்னொரு பிரிவு மறுத்துக்கொண்டிருந்தது. 2024 ஓகஸ்டில் தொடங்கிய பரீட்சார்த்தத் திட்டமொன்று குறிப்பிட்ட கல்லூரிகளின் பிரெஞ்சு மொழி மாணவர்களுக்கு அந்த நிபந்தனையை நீக்கியது. நியூ பிரன்சுவிக்கின் மொங்க்டன் பல்கலைக்கழகம், வினிப்பெக்கின் சென் பொனிபேஸ் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு இந்த மாணவர்கள் ஆடம்பரம் அல்ல. சட்பரியின் லோரென்ஷியன் பல்கலைக்கழகம் 2021இல் பண முடையில் விழுந்தபோது முதலில் வெட்டப்பட்டவற்றில் இருபத்தெட்டுப் பாடநெறிகள் பிரெஞ்சு மொழியிலானவை.

வந்தவர்களின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். பிரெஞ்சில் வாழலாம் என்று சொல்லி அழைக்கப்பட்ட பொறியியலாளர் எட்மண்டனில் வேலை தேடினால் முதல் கேள்வி ஆங்கிலம் பற்றியது. ஆசிரியையின் பட்டம் உடனே ஏற்கப்படுவதில்லை. அவர் பேசும் பிரெஞ்சின் உச்சரிப்பைப் பற்றியும் முணுமுணுப்பு. பாரிஸ் உச்சரிப்புக்குக் கிடைக்கும் மரியாதை கின்ஷாசா உச்சரிப்புக்குக் கிடைப்பதில்லை. ஆங்கிலேயர் மத்தியில் பிரெஞ்சுக்காரராகவும், பிரெஞ்சுக்காரர் மத்தியில் கறுப்பராகவும், கறுப்பர் மத்தியில் முஸ்லிமாகவும் எண்ணப்படுபவருக்கு மூன்று அடுக்குச் சிறுபான்மை வாழ்வு வாய்க்கின்றது. அவரது மகன் பதின்ம வயதில் விளையாட்டு மைதானத்தில் ஆங்கிலமே பேசுவான். பழைய பிரெஞ்சுக் குடும்பத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் பேசுகிறார்கள். அப்படியானால் குடியேற்றத்தின் பலன் ஒரு தலைமுறைக்குத்தானா என்ற கேள்வி எழும். பாடசாலை, வேலை, பொழுதுபோக்கு மூன்றிலும் அவனுக்குப் பிரெஞ்சில் இடமிருந்தால் இல்லை. பாடசாலையில் மட்டும் என்றால் ஆம் என்பதே என் கணிப்பு.

கனடாவுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் எமது இளைஞர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. விரைவு நுழைவு எனப்படும் புள்ளி முறையில் பிரெஞ்சுத் தேர்ச்சிக்கு 2020 முதல் 50 வரை மேலதிகப் புள்ளிகள் கிடைக்கின்றன. 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கெனத் தனித் தெரிவுச் சுற்றுகளும் நடைபெறுகின்றன. 2024இன் தொடக்கத்தில் பொதுச் சுற்றுகளுக்கு 500க்கு மேல் புள்ளிகள் தேவைப்பட்டபோது, பிரெஞ்சுச் சுற்றுகளில் 400க்கும் குறைந்தவர்கள் அழைக்கப்பட்டனர். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கிலும் ஏழாம் நிலைத் தேர்ச்சி வேண்டும். சும்மா மூன்று மாத வகுப்பில் வருவதல்ல. இதைக் கேட்டுப் பிரெஞ்சு படிக்கத் தொடங்குபவர் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் சோதனையில் சித்தியடைந்து, பிரெஞ்சு மொழியினர் என்ற கணக்கில் கனடாவுக்குள் நுழைந்து, ரொறன்ரோவின் ஆங்கிலச் சூழலில் குடியேறிவிட்டால் அரசாங்கத்தின் இலக்கு நிறைவேறும். சட்பரியின் பாடசாலைக்கு ஒரு பிள்ளையும் கூடாது. ஒட்டாவாவிலுள்ள அதிகாரிகள் அறிவிக்கும் சதவீதத்தைப் படிக்கும்போதெல்லாம், அதற்குள் எத்தனை பேர் பிரெஞ்சுப் பாடசாலையின் வாசலில் தம் பிள்ளையோடு போய் நின்றார்கள் என்றே நான் பார்க்க விரும்புகின்றேன். அந்த எண்ணிக்கையை மத்திய அமைச்சு அல்ல, ஊர்ப் பாடசாலையின் அதிபர்தான் ஒவ்வொரு செப்டெம்பரிலும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.